எந்த கியூ நீள்கிறது? கிளிக்ஹவுஸ் கிளஸ்டரில் பழுது பார்க்க ஒரு முழு வழிகாட்டி

“இன்னாண்ணா, அமுக்க அமுக்க நம்பர் மாறுது?”

மணலி யார்டு கேட்டில் உட்காரும் தம்பி ஒரு காலையில் போன் செய்து கேட்டது இது. நேற்று எத்தனை கன்டெய்னர் உள்ளே வந்தன என்ற ரிப்போர்ட்டை மூன்று முறை ரிஃப்ரெஷ் செய்திருக்கிறார். முதல் முறை ஒரு எண், அடுத்த முறை வேறொன்று, மூன்றாம் முறை மறுபடி முதல் எண். எந்த எரரும் வரவில்லை, எந்த சர்வரும் விழவில்லை. கத்தாமல் வரும் இந்த மாதிரிப் பழுதுதான் என்னைப் பொறுத்தவரை மோசமானது.

எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். லாரிகளின் ஜிபிஎஸ் தடம், கேட் பதிவு, எடைமேடை ரசீது எல்லாம் கிளிக்ஹவுஸில் இருக்கின்றன. தரவைப் பிரித்து வைக்க மூன்று ஷார்டு (துண்டு), ஷார்டுக்கு இரண்டு ரெப்ளிகா (நகல்), ஆக ஆறு சர்வர். சேர்ந்து வேலை செய்யும் இந்தக் கூட்டம்தான் கிளஸ்டர். யாரிடம் எது இருக்கிறது என்று கணக்கு வைத்து ஒருங்கிணைக்க மூன்று கீப்பர் நோடு (நோடு என்றால் ஒரு சர்வர்). தண்டையார்பேட்டை ஆபீசின் பின்னறையில் எல்லாம் ஓடுகிறது. கிளிக்ஹவுஸ் என்பது யாண்டெக்ஸ் நிறுவனம் தன் மெட்ரிகா சேவைக்காக எழுதி, 2016 ஜூனில் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட டேட்டாபேஸ். கோடிக்கணக்கான பதிவுகளைக் கூட்டிக் கழிப்பதில் அதற்கு நல்ல வேகம். ஆனால் பழுதானால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புதியவர்கள் திணறுவார்கள். நானும் திணறியவன்தான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசையாக நிற்கும்போது கடைசி லாரி டிரைவரிடம் போய் “ஏன் நிக்கிற?” என்று கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? முன்னால் எங்கோ ஒரு டிரெய்லர் அச்சு முறிந்து கிடக்கும். கிளஸ்டரும் அப்படித்தான். எரர் வருகிற இடம் வால், காரணம் தலையில் இருக்கும். கிளிக்ஹவுஸுக்குள் இப்படி ஐந்து கியூக்கள் உண்டு: மெர்ஜ் (சின்னத் துண்டுகளைச் சேர்ப்பது), ரெப்ளிகேஷன் (நகல்களை ஒன்றுபோல வைப்பது), எல்லா ஷார்டையும் ஒரே டேபிளாகக் காட்டும் டிஸ்ட்ரிபியூட்டட் டேபிளின் அனுப்பும் கியூ, மியூட்டேஷன் (ஏற்கெனவே உள்ள தரவைத் திருத்துவது, அழிப்பது), டிடிஎல் (டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகள்). பெரும்பாலான பழுதுகளில் இவற்றில் ஏதோ ஒன்று நீண்டிருக்கும், அல்லது நீண்டது தெரியாமல் யாரோ மூடி வைத்திருப்பார்கள்.

ஒரு குறிப்பு: டேபிள், செட்டிங் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோடு போட்ட இடத்தில் அடிக்கோட்டோடு எழுதுங்கள்.

ரீஸ்டார்ட் பட்டனிலிருந்து கையை எடுங்கள்

முதல் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடாதது ரீஸ்டார்ட். சிஸ்டம்.எரர்ஸ் டேபிளில் எந்தப் பிழை எத்தனை முறை, கடைசியாக எப்போது வந்தது என்ற கணக்கு இருக்கும். அது நினைவகத்தில் மட்டுமே இருப்பதால் ரீஸ்டார்ட் செய்த கணமே பூஜ்ஜியமாகிவிடும். பாதி முடிந்த மெர்ஜ்கள் வீணாகி முதலிலிருந்து தொடங்கும். பார்ட்கள் (தரவு டிஸ்க்கில் கிடக்கும் துண்டுகள்) அதிகமிருந்தால் சர்வர் எழுந்து வரவே நேரமாகும், அந்த நேரத்தில் மற்ற ரெப்ளிகா தனியாகச் சுமையைத் தூக்கும். சில சமயம் அதுவும் உட்கார்ந்துவிடும்.

அதற்குப் பதிலாக நான் பார்க்கும் வரிசை இது. முதலில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா. அப்புறம் ஆறு சர்வரின் கடிகாரமும் ஒன்றையே காட்டுகின்றனவா. அப்புறம் சிஸ்டம்.கிளஸ்டர்ஸ் டேபிளில் எந்த நோடின் எரர்ஸ்_கவுன்ட் ஏறியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு நோடிலும் சிஸ்டம்.ரெப்ளிகாஸ். அதில் நான்கு நெடுவரிசை போதும்: இஸ்_ரீட்ஒன்லி, கியூ_சைஸ், அப்சொல்யூட்_டிலே, ஆக்டிவ்_ரெப்ளிகாஸ். கடைசியாக சர்வரின் எரர் லாக். அது லாக் ஃபோல்டரில் தனிக் கோப்பாகவே இருக்கிறது. வழக்கமான லாக்கைத் திறந்து லட்சம் வரிகளில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எண் மாறுகிறதா? எந்த ரெப்ளிகா பேசுகிறது என்று கேளுங்கள்

கேட் தம்பியின் பிரச்சினைக்கு வருவோம். டிஸ்ட்ரிபியூட்டட் டேபிளில் ஒரு குவெரி போட்டால், ஒவ்வொரு ஷார்டிலும் ஒரு ரெப்ளிகாவிடம் மட்டும்தான் கேட்கும். ரிஃப்ரெஷ் செய்யும்போது வேறு ரெப்ளிகா பதில் சொல்லலாம். இரண்டும் ஒரே தரவை வைத்திருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிகிறது என்றால் இரண்டும் ஒன்றல்ல.

முதல் வேலை: கிளஸ்டர்ஆல்ரெப்ளிகாஸ் ஃபங்ஷனை வைத்து, உள்ளூர் டேபிளை ஹோஸ்ட்நேம் வாரியாக எண்ணுங்கள். ஆறு வரி வரும். ஜோடி ஜோடியாக ஒப்பிட்டால் எந்த ஷார்டில் கோளாறு என்பது உடனே தெரிந்துவிடும்.

எங்களுக்கு இரண்டாம் ஷார்டில் ஒரு நோடு பாதிக்குச் சற்று மேல், இன்னொன்று பாதிக்குச் சற்றுக் கீழ். கூட்டினால்தான் முழுக்கணக்கு. இதைப் பார்த்ததுமே ரெப்ளிகேஷன் தாமதம் அல்ல என்று சொல்லிவிடலாம். தாமதமாக இருந்தால் ஒன்று முழுமையாகவும் மற்றது கொஞ்சம் பின்தங்கியும் இருக்கும். ஆளுக்குப் பாதி என்றால் ரெப்ளிகேஷனே நடக்கவில்லை என்று பொருள். சிஸ்டம்.டேபிள்ஸில் என்ஜின் (தரவைச் சேமிக்கும் முறை) பெயரைப் பார்த்தேன். அந்த ஷார்டில் மட்டும் ரெப்ளிகேட்டட் மெர்ஜ்ட்ரீக்குப் பதில், தானாக நகலெடுக்காத வெறும் மெர்ஜ்ட்ரீ. யாரோ அவசரத்தில் கையால் டேபிள் உருவாக்கியிருக்கிறார்கள். (யார் என்று தேடினேன். நான்தான்.)

கான்ஃபிகில் இன்டர்னல்_ரெப்ளிகேஷன் ட்ரூ என்று இருந்ததால், டிஸ்ட்ரிபியூட்டட் டேபிள் ஒரு ரெப்ளிகாவில் மட்டும் எழுதிவிட்டு “மற்றதை டேபிளே பார்த்துக்கொள்ளும்” என்று போய்விட்டது. ரெப்ளிகேட்டட் டேபிளுக்கு அதுதான் சரியான செட்டிங். வெறும் மெர்ஜ்ட்ரீக்கோ பாதித் தரவு இங்கே, பாதி அங்கே.

திருத்துவது இப்படி. இரண்டு நோடிலும் பழைய டேபிளுக்குப் பெயர் மாற்றுங்கள். அதே பெயரில், அதே ஆர்டர் பை (தரவை அடுக்கும் வரிசை), பார்டிஷன் பை (தரவைப் பகுதிகளாகப் பிரிக்கும் விதி) வரையறையோடு ரெப்ளிகேட்டட் டேபிளை உருவாக்குங்கள். பழைய டேபிளிலிருந்து ஒவ்வொரு பார்டிஷனாக அட்டாச் பார்டிஷன் ஃப்ரம் கட்டளையால் சேருங்கள். எங்களைப் போல ஆளுக்குப் பாதியாக இருந்தால் இரண்டு நோடிலும் செய்ய வேண்டும். இரண்டிலும் ஒரே பதிவுகள் இருந்தால் ஒரு நோடில் மட்டும், இல்லையென்றால் எல்லாம் இரட்டிப்பாகும். எது உங்கள் நிலை என்று எண்ணிப் பார்க்காமல் இந்த இடத்தில் எண்டர் தட்டாதீர்கள்.

எண் கலங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு.

கணக்கு மிகச்சரியாக இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ வந்தால் மேக்ரோவை, அதாவது கான்ஃபிகில் அந்தச் சர்வரின் ஷார்டு எண்ணும் ரெப்ளிகா பெயரும் எழுதிய இடத்தை, பாருங்கள். ஒரு சர்வரின் கான்ஃபிகை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுத்து, ஷார்டு எண்ணை மாற்ற மறந்திருப்பார்கள். வெவ்வேறு ஷார்டுகள் கீப்பரில் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றுக்கொன்று ரெப்ளிகா ஆகியிருக்கும். ஒவ்வொரு ஷார்டிலும் முழுத் தரவு, மேலே கூட்டும்போது மடங்கு. ரெப்ளிகா பெயரையும் மாற்றாமல் விட்டிருந்தால் டேபிள் உருவாக்கும்போதே 253 என்ற பிழை வந்து காப்பாற்றிவிடும்.

எண் சில நிமிடம் குறைந்து, தானே சரியாகிறது என்றால் சிஸ்டம்.டிஸ்ட்ரிபியூஷன்_கியூவைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டட் டேபிளில் எழுதும் தரவு முதலில் அந்த நோடின் டிஸ்க்கில் கோப்பாக உட்கார்ந்து, அப்புறம்தான் மற்ற ஷார்டுகளுக்குப் போகும். எழுதியவருக்கு “ஆச்சு” என்று பதில் வந்திருக்கும், தரவு இன்னும் வழியில் இருக்கும். இஸ்_பிளாக்ட் 1 என்றோ, ப்ரோக்கன்_டேட்டா_ஃபைல்ஸ் பூஜ்ஜியத்துக்கு மேலோ இருந்தால் தானாகச் சரியாகாது. சிஸ்டம் ஃப்ளஷ் டிஸ்ட்ரிபியூட்டட் கொடுத்தால், என்ன தடை என்பது எரராக முகத்துக்கு நேரே வரும்.

அப்புறம் ஸ்கிப்_அன்அவைலபிள்_ஷார்ட்ஸ். ஒரு ஷார்டு விழுந்தால் மிச்சமிருக்கும் ஷார்டுகளை வைத்து, எரரே இல்லாமல் பதில் தரும் செட்டிங். டாஷ்போர்டு சிவப்பாகக்கூடாது என்பதற்காக இதை ஆன் செய்து வைப்பவர்கள் உண்டு. லாரி எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்ட வேண்டுமானால் பரவாயில்லை. பில் போடும் ரிப்போர்ட்டில் இது ஆன் ஆகியிருந்தால் அந்த மாதம் யாரோ ஒருவர் குறைவாகப் பணம் கட்டுவார். டிஸ்ட்ரிபியூட்டட்_புராடக்ட்_மோட் செட்டிங்கும் இதே ரகம். ஒரே குவெரியில் இரண்டு டிஸ்ட்ரிபியூட்டட் டேபிள்களை இன், ஜாயின் மூலம் சேர்க்கும்போது 288 என்ற பிழை வந்தால் அதை லோக்கல் என்று மாற்றச் சொல்லி ஆலோசனை கிடைக்கும். பிழை போய்விடும். இரண்டு டேபிளும் ஒரே சாவியில் (எந்தப் பதிவு எந்த ஷார்டுக்கு என்ற விதி) ஷார்டு செய்யப்பட்டிருந்தால் விடையும் சரியாக இருக்கும், இல்லையென்றால் தப்பாக இருக்கும். சந்தேகம் இருந்தால் குளோபல் இன், குளோபல் ஜாயின் என்றே எழுதுங்கள்.

“டூ மெனி பார்ட்ஸ்”: அதிகம் பேர் மாட்டும் இடம்

பிழை எண் 252. இதைப் புரிந்துகொள்ள மெர்ஜ்ட்ரீயின் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு இன்சர்ட்டும் டிஸ்க்கில் ஒரு புதிய பார்ட்டாக விழும். பின்னணியில் மெர்ஜ் ஓடி, சின்னச் சின்ன பார்ட்களைச் சேர்த்துப் பெரிதாக்கும். சேர்க்கும் வேகத்தைவிட விழும் வேகம் அதிகமானால் பார்ட்கள் குவியும். ஒரு பார்டிஷனில் செயலில் உள்ள பார்ட்கள் ஒரு வரம்பைத் தாண்டினால் கிளிக்ஹவுஸ் இன்சர்ட்டை வேண்டுமென்றே தாமதமாக்கும், அடுத்த வரம்பில் மறுத்துவிடும். பழைய பதிப்புகளில் இவை 150, 300. புதியவற்றில் 1000, 3000.

400 லாரி, பத்து வினாடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் தன் இடத்தைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 40 செய்தி. வருவதை வந்தபடியே தனித்தனி இன்சர்ட்டாகப் போட்டால் வினாடிக்கு 40 பார்ட். மெர்ஜ் ஒரு 75 வினாடி நின்றால் 3000. தரவின் அளவு என்னவோ சொற்பம்தான். கேட்டில் 400 பெட்டியை ஒரே ரயிலில் கொண்டு வருவதற்கும், 400 லாரியில் தனித்தனியாகக் கொண்டு வந்து ஒவ்வொன்றுக்கும் தாள் சரிபார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

சரி, வரம்பை 10,000 ஆக்கிவிடலாமா? நானும் ஒருமுறை செய்தேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் எல்லா குவெரியும் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைத் திறந்து மூடி ஊர்ந்தன. எரர் வராத ஒரே காரணத்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு நாள் போனது.

முறையாகச் செய்வது இது. முதலில் சிஸ்டம்.பார்ட்ஸில் ஆக்டிவ் பார்ட்களை டேபிள், பார்டிஷன் வாரியாக எண்ணுங்கள். குவியல் ஒரே பார்டிஷனில் என்றால் இன்சர்ட் சின்னதாக, அடிக்கடி வருகிறது. பல நூறு பார்டிஷன்களில் பரவியிருந்தால் பார்டிஷன் பை தப்பு. யாரோ லாரி எண் வாரியாகவோ மணி வாரியாகவோ பிரித்திருப்பார்கள். பெரும்பாலான டேபிளுக்கு மாத வாரி போதும். ஒரே இன்சர்ட் 100 பார்டிஷனுக்கு மேல் தொட்டாலும் இதே 252 வரும், எரர் செய்தியை முழுதாகப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சின்ன இன்சர்ட்தான் காரணம் என்றால் அனுப்புகிற இடத்தில் சேர்த்து அனுப்புங்கள். வினாடிக்கு ஒரு இன்சர்ட் என்பது நல்ல அளவு. அனுப்பும் கருவிகள் உங்கள் கையில் இல்லையென்றால் அசிங்க்_இன்சர்ட்டை ஆன் செய்யுங்கள், சர்வரே சேர்த்து வைத்து எழுதும். கூடவே வெயிட்_ஃபார்_அசிங்க்_இன்சர்ட் 1 ஆகவே இருக்கட்டும். பூஜ்ஜியமாக்கினால் வேகம் கிடைக்கும், தரவு உண்மையில் எழுதப்பட்டதா என்பது தெரியாமல் போகும்.

இப்போது வால்–தலை விஷயம். இன்சர்ட் எதுவும் மாறவில்லை, நேற்றுவரை ஒழுங்காக ஓடியது, இன்று திடீரென 252. அப்படியானால் மெர்ஜ் ஏன் நின்றது என்று தேடுங்கள். சிஸ்டம்.மெர்ஜஸ் காலியாக இருந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். இரண்டு பார்ட்டைச் சேர்க்க, பழையவை அழியும்வரை புதியதற்கும் சேர்த்து இடம் வேண்டும். இடம் குறையக் குறைய பெரிய மெர்ஜ்களைக் கிளிக்ஹவுஸ் எடுக்காது. சிஸ்டம்.மெர்ஜஸ் நிரம்பி, எல்லாம் மியூட்டேஷனாக இருந்தால் யாரோ பெரிய டேபிளில் ஆல்டர் டெலீட்டோ அப்டேட்டோ போட்டிருக்கிறார்கள். இங்கே அது ஒரு பதிவை அழிப்பதல்ல, பார்ட்டையே திரும்ப எழுதுவது. சிஸ்டம்.மியூட்டேஷன்ஸில் இஸ்_டன் பூஜ்ஜியமாக இருப்பதை எடுத்து லேட்டஸ்ட்_ஃபெயில்_ரீசனைப் படியுங்கள். தோற்றுத் தோற்று விடாமல் முயன்றுகொண்டிருக்கும் மியூட்டேஷனை கில் மியூட்டேஷனால் நிறுத்தினால் மெர்ஜ் மூச்சு விடும்.

டேபிள் ரீட்ஒன்லி ஆகிவிட்டது

பிழை எண் 242. தொண்ணூறு சதவீதம் டேபிள் மீது குற்றமில்லை, கீப்பரோடு தொடர்பு போயிருக்கும். ரெப்ளிகேட்டட் டேபிளுக்குக் கீப்பர் இல்லாமல் எழுதத் தெரியாது, படிக்க மட்டும் தரும்.

கீப்பரிடம் நான்கெழுத்துக் கட்டளைகள் உண்டு. ஆர்யுஓகே என்று அனுப்பினால் ஐஎம்ஓகே என்று பதில் வரும். இது “சாப்டாச்சா?” என்பதற்கு “ஆச்சு” சொல்வது மாதிரி. உயிரோடு இருக்கிறது என்பதற்குமேல் எதுவும் தெரியாது. எம்என்டிஆர் அனுப்புங்கள். யார் லீடர், லீடரோடு எத்தனை பேர் ஒத்திசைந்திருக்கிறார்கள் என்று வரும். மூன்று நோடில் இரண்டு பேசினால்தான் பெரும்பான்மை. “நாலாவது போட்டால் இன்னும் பலம்தானே” என்பார்கள். நான்கில் பெரும்பான்மை மூன்று, ஆக அப்போதும் ஒன்றுதான் விழலாம். இரண்டு விழுந்தாலும் தாங்க ஐந்து வேண்டும்.

கீப்பர் ஒவ்வொரு மாற்றத்தையும் டிஸ்க்கில் உறுதியாக எழுதிவிட்டுத்தான் பதில் சொல்லும். அதை டேட்டா டிஸ்க்கிலேயே வைத்தால், பெரிய மெர்ஜ் ஓடும்போதெல்லாம் பதில் தாமதமாகி செஷன் அறுந்து, டேபிள்கள் ஒரு நிமிடம் ரீட்ஒன்லி ஆகி மீளும். ஒரு சின்ன எஸ்எஸ்டியை அதற்கென்று தனியாகக் கொடுங்கள்.

கீப்பர் நலமாகியும் டேபிள் ரீட்ஒன்லியாகவே இருந்தால் முதலில் சிஸ்டம் ரீஸ்டார்ட் ரெப்ளிகா. சர்வரைத் தொடாமல் அந்த டேபிளின் செஷனை மட்டும் புதுப்பிக்கும். கீப்பரில் இருந்த மெட்டாடேட்டாவே போய்விட்டதென்றால் அதன்பின் சிஸ்டம் ரீஸ்டோர் ரெப்ளிகா. இது டிஸ்க்கில் உள்ள பார்ட்களை வைத்துக் கீப்பரில் கணக்கைத் திரும்ப எழுதும், தரவு போகாது. முழுமையான தரவு உள்ள ரெப்ளிகாவில் முதலில் செய்யுங்கள், அப்புறம் மற்றதில்.

ரெப்ளிகா பின்தங்குகிறது

சிஸ்டம்.ரெப்ளிகேஷன்_கியூவில் நம்_ட்ரைஸ் அதிகமுள்ள பதிவை எடுத்து லாஸ்ட்_எக்செப்ஷன், போஸ்ட்போன்_ரீசன் இரண்டையும் படியுங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை எழுதியிருக்கும்.

புது நோடு சேர்த்தவுடன் வரும் பழுதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லா குவெரியும் ஓடும், இன்சர்ட்டும் போகும், ரெப்ளிகேஷன் மட்டும் நடக்காது. ஃபயர்வாலில் 9000 போர்ட்டைத் திறந்தவர் 9009-ஐ மறந்திருப்பார். குவெரி போவது 9000 வழி, ரெப்ளிகாக்கள் பார்ட்டை வாங்கிக்கொள்வது 9009 வழி. இன்னொன்று பெயர். ஒவ்வொரு ரெப்ளிகாவும் “என்னிடம் வர இந்தப் பெயர்” என்று கீப்பரில் எழுதி வைக்கும். அது லோக்கல்ஹோஸ்ட் என்று பதிவாகியிருந்தால் பக்கத்து நோடு தன்னிடமே போய்க் கேட்டுக்கொண்டிருக்கும். இன்டர்சர்வர்_எச்டிடிபி_ஹோஸ்ட்டில் சரியான பெயரை நீங்களே எழுதிவிடுங்கள். ஐபி மாறியிருந்தால் சிஸ்டம் டிராப் டிஎன்எஸ் கேஷ்.

மின்சாரம் போய் வந்த பிறகு

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வடசென்னையில் தண்ணீரும் இருட்டும். எங்கள் மூன்று கீப்பரும் ஆறு சர்வரும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தன. பேட்டரி தீர்ந்ததும் ஒன்பதும் ஒரே வினாடியில் போயின. ரெப்ளிகா இரண்டு வைத்து என்ன பயன்? (இப்போது ஷார்டு ஜோடிகள் தனித்தனி யுபிஎஸ், கீப்பர் ஒன்று வேறு கட்டிடத்தில்.)

கிளிக்ஹவுஸ் இயல்பாக ஒவ்வொரு இன்சர்ட்டையும் டிஸ்க்கில் உறுதி செய்யக் காத்திருப்பதில்லை, அதன் வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். திடீரென மின்சாரம் போனால் கடைசி நேரத்துப் பார்ட்கள் சிதைந்திருக்கலாம். கொஞ்சமாக இருந்தால் அவற்றை டிடாச்ட் ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு, நல்லதை மற்ற ரெப்ளிகாவிடம் வாங்கிக்கொள்ளும். வரம்பை மீறினால் 231 பிழையோடு டேபிளை ஏற்றவே மறுக்கும், கீப்பரிலுள்ள கணக்கும் டிஸ்க்கிலுள்ள பார்ட்களும் பொருந்தவில்லை என்று சொல்லும். மறுப்பது நல்லதுக்குத்தான். தப்பான டிஸ்க்கை மாட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

மற்ற ரெப்ளிகா நலமாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து உறுதி செய்த பிறகு, டேட்டா ஃபோல்டருக்குள் ஃப்ளாக்ஸ் என்ற ஃபோல்டரில் ஃபோர்ஸ்_ரீஸ்டோர்_டேட்டா என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பை வைத்து சர்வரை எழுப்புங்கள். அந்தக் கோப்பின் உரிமை கிளிக்ஹவுஸ் யூசருக்கு இருக்க வேண்டும். ஒரு ஷார்டின் இரண்டு ரெப்ளிகாவிலும் ஒரே நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். முதலாவது முழுதாக எழுந்து, கியூ காலியான பின்தான் இரண்டாவது. டிடாச்ட் ஃபோல்டரை அன்றே அழிக்கவும் வேண்டாம், ஒரு வாரம் இருக்கட்டும்.

டிஸ்க் நிறைந்தது

சிஸ்டம்.பார்ட்ஸில் டேபிள் வாரியாக அளவைக் கூட்டிப் பார்த்தால் முதலிடத்தில் உங்கள் தரவு இல்லாமல், கிளிக்ஹவுஸ் தனக்காக எழுதிக்கொள்ளும் குவெரி_லாக், ட்ரேஸ்_லாக் இருக்க வாய்ப்பு உண்டு. காலாவதி வைக்காவிட்டால் அவை வளர்ந்துகொண்டே போகும். பதிப்பு ஏற்றியபோது அமைப்பு மாறியிருந்தால் பழையது குவெரி_லாக்_0, குவெரி_லாக்_1 என்ற பெயர்களில் கேட்பாரற்றுக் கிடக்கும். முதலில் அவற்றை டிராப் செய்யுங்கள்.

டிராப் செய்தும் இடம் வரவில்லை என்று பதறி அடுத்த டேபிளைத் தொடாதீர்கள். டேபிளை உடனே அழிக்காமல் 480 வினாடி, அதாவது எட்டு நிமிடம், வைத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் டிராப் கட்டளையின் கடைசியில் சிங்க் சேருங்கள். 50 ஜிபிக்கு மேற்பட்ட டேபிளை 359 பிழை காட்டி அழிக்க மறுக்கும். அந்தக் காவலை நிரந்தரமாக எடுத்துவிடாமல், ஒருமுறைக்கு மட்டும் ஃபோர்ஸ்_டிராப்_டேபிள் கோப்பை வையுங்கள். இடம் வேண்டும் என்று ஆல்டர் டெலீட் மட்டும் போட்டுவிடாதீர்கள். அது அழிப்பதற்கு முன் இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும். பழைய மாதத்தை அனுப்ப வேண்டுமென்றால் டிராப் பார்டிஷன்.

நினைவகம் போதவில்லை

241 என்ற பிழை வந்தால் கிளிக்ஹவுஸ் தானே குவெரியை நிறுத்தியிருக்கிறது. எந்த எரரும் இல்லாமல் சர்வரே காணாமல் போய்த் திரும்பியிருந்தால் லினக்ஸ் கொன்றிருக்கிறது, கெர்னல் லாக்கில் பாருங்கள்.

ஜாயினில் வலதுபக்க டேபிள் நினைவகத்துக்குள் ஏறும். எங்கள் ரிப்போர்ட் ஒன்றில் ஜிபிஎஸ் டேபிள் வலதுபக்கம், 400 வரி உள்ள லாரி டேபிள் இடதுபக்கம். இடம் மாற்றினோம், முடிந்தது. மாற்ற முடியாத இடத்தில் ஜாயின் அல்காரிதத்தை கிரேஸ்_ஹாஷ் ஆக்குங்கள். குரூப் பை பெரிதாக இருந்தால் மேக்ஸ்_பைட்ஸ்_பிஃபோர்_எக்ஸ்டர்னல்_குரூப்_பை மதிப்பை மேக்ஸ்_மெமரி_யூசேஜில் பாதியாக வையுங்கள். மெதுவாகும், விழாது. எத்தனை தனி லாரி என்று எண்ண யுனிக்எக்ஸாக்ட் தேவையா, தோராயமான யுனிக் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். மேப்புக்குத் தோராயம் போதும், பில்லுக்குப் போதாது.

ஒரே நோடு மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால், எல்லா டாஷ்போர்டும் அந்த நோடின் முகவரியையே வைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசிக் கூட்டல் அங்கேதான் நடக்கும்.

ஆன் கிளஸ்டர் கட்டளை டைம்அவுட்

ஆன் கிளஸ்டர் சேர்த்த கட்டளை எல்லா நோடிலும் ஓடும். 180 வினாடியில் 159 என்ற டைம்அவுட் பிழை வந்தால் திரும்ப அடிக்காதீர்கள். காத்திருந்தது உங்கள் ஸ்கிரீன் மட்டும்தான், வேலை பின்னணியில் ஓடுகிறது. சிஸ்டம்.டிஸ்ட்ரிபியூட்டட்_டிடிஎல்_கியூவில் எந்த நோடில் முடியவில்லை என்று பார்த்து, அந்த நோடை மட்டும் கவனியுங்கள்.

ஐந்தரை மணி நேரப் பிழை

இதைக் கிளஸ்டர் பழுதுகளில் சேர்ப்பதா என்று தெரியவில்லை, ஆனால் எங்களை ஒரு மாதம் அலைக்கழித்தது. யார்டில் லாரிகள் பெரும்பாலும் இரவில் நகரும். நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை வந்த பெட்டிகள் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்தன, அதுவும் சில சமயம் மட்டும்.

கிளிக்ஹவுஸ் டேட்டைம் மதிப்பை வினாடி எண்ணாகத்தான் சேமிக்கிறது. தேதியாக மாற்றும்போது நெடுவரிசையில் டைம்சோன் எழுதியிருந்தால் அதையும், இல்லையென்றால் சர்வரின் டைம்சோனையும் எடுத்துக்கொள்ளும். எங்களிடம் ஐந்து சர்வரில் இந்திய நேரம், புதிதாக வந்த ஆறாவதில் யுடிசி (உலகப் பொது நேரம்). இன்சர்ட் அந்த நோடு வழியாகப் போகும்போது, எழுத்தாக வந்த நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பதிவானது. படிக்கும்போது இன்னொரு குழப்பம் வேறு: அந்த நோடு பதில் சொல்லும்போது, நள்ளிரவுக்குப் பின் வந்தவை முந்தைய நாளாகத் தெரிந்தன. கான்ஃபிகில் எல்லா நோடிலும் ஆசியா/கொல்கத்தா என்று எழுதினோம், நெடுவரிசையின் வரையறையிலும் எழுதினோம். அதற்குள் தப்பாக ஏறியிருந்த பதிவுகளை எடைமேடையின் தாள் ரசீதுகளோடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடிந்தது.

மெதுவாக ஓடும் குவெரி

ஷார்டுகளில் கடைசியாக வருவது வந்தபின்தான் விடை வரும். அதனால் முதலில் சிஸ்டம்.குவெரி_லாக்கில் அந்தக் குவெரியின் தாய் ஐடியை வைத்து ஒவ்வொரு நோடிலும் எத்தனை நேரம், எத்தனை பதிவு படித்தது என்று பாருங்கள். எல்லா நோடும் ஒரே அளவு படித்து ஒன்று மட்டும் தாமதம் என்றால் அந்த மெஷினின் டிஸ்க். ஒரு நோடு பத்து மடங்கு படித்தால் ஷார்டிங் சாவி சரியில்லை, பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் பெட்டியெல்லாம் ஒரே ஷார்டில் குவிந்திருக்கும்.

எல்லா நோடும் அளவுக்கு மீறிப் படித்தால் எக்ஸ்ப்ளெய்ன் இன்டெக்ஸஸ் 1 போட்டுப் பாருங்கள். இன்டெக்ஸ் 8192 பதிவுக்கு ஒரு அடையாளம் வைத்திருக்கும். மொத்த அடையாளத்தில் எத்தனையை ஒதுக்க முடிந்தது என்று அதில் தெரியும். எங்கள் ஜிபிஎஸ் டேபிளின் ஆர்டர் பை நேரத்தில் தொடங்கி லாரி எண்ணில் முடிந்தது. கேட்பவர்கள் எல்லோரும் “இந்த லாரி நேற்று எங்கே இருந்தது” என்றுதான் கேட்டார்கள். லாரி எண்ணை முன்னுக்குக் கொண்டு வந்து புது டேபிள் உருவாக்கி, மாதம் மாதமாகத் தரவை மாற்றினோம். பழையதை இன்னும் டிராப் செய்யவில்லை. இந்த ஞாயிறு இரவு செய்ய வேண்டும், அது 50 ஜிபிக்கு மேல் இருக்கிறது.